ஒரு ஃப்ளாப்பியில் அடங்காதது

"ஒரு ஃப்ளாப்பியில் அடங்காத எதையும் மின்னஞ்சலுடன் இணைத்து அனுப்பக் கூடாது, அத்தகையவற்றைக் கூரியரில் அனுப்ப வேண்டும். அவசர நேர்வுகளில் ஒர்க்ஸ் மேனேஜர் எழுத்துமூலம் விலக்கு அளிக்கலாம்."

எங்கள் தொழிற்சாலையின் அலுவலக நடைமுறைத் தொகுப்பில் மின்னஞ்சலைப் பற்றி இருந்த ஒரே விதி இது. எழுதியது நான். முதல் வாக்கியத்தை எழுதியபோது எனக்கு மின்னஞ்சலைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டாவது வாக்கியத்தை எழுதியபோது மேனேஜர்களைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. அப்படி ஒரு வாசல் இல்லாத விதியில் அவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை.

மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஃப்ளாப்பியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளங்கையளவு சதுரத் தகடு. ஒரு கடிதம், ஒரு சம்பளப் பட்டியல், ஒரு தீபாவளி வாழ்த்து ஆகியவை அதில் நெருக்கமாக உட்காரும். தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் அதைத் தாண்டிய எதுவும் பெரியதுதான். அப்போது நம் துறைக்குப் பெர்சனல் டிபார்ட்மென்ட் என்று பெயர். மனிதர்கள் ஒரு வளம் என்பதை அதுவரை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

வண்டிக் கம்பெனிகளுக்குத் தகட்டு பாகங்கள் அடித்துக் கொடுக்கிற தொழிற்சாலை எங்களுடையது. ஐரோப்பாவிலிருந்து, தகட்டை அடித்து வடிவமாக்கும் ஒரு பிரஸ் வாங்கியிருந்தோம். அதன் சிறப்பு அதனுடைய கை. ஆள் தகட்டை எடுத்து வைக்க வேண்டாம். இயந்திரமே ஒரு கையை நீட்டித் தகட்டை எடுத்து, டை என்கிற எஃகு அச்சின்மேல் வைத்துவிட்டு விலகிக்கொள்ளும். ஆவணி மாதம் ஒரு நாள், இறங்கக் கூடாத நேரத்தில் அந்தக் கை இறங்கியது. பிரஸ் அதன்மேல் அடித்தது. டை உடைந்தது.

அந்த ஷிஃப்டில் பிரஸ்ஸை ஓட்டியவன் முனிராஜ். தளிக்கு அப்பால் ஜவளகிரிக்காரன். காட்டை ஒட்டிய ஊர். சைக்கிளில் தளி வந்து அங்கிருந்து கம்பெனி பஸ் பிடிப்பான். அந்தப் பக்கத்து ஆட்கள் தாமதமாக வந்தால் காரணம் என்ற இடத்தில் 'யானை' என்று ஒரே சொல் எழுதுவார்கள். யானைக்குச் சான்று கேட்க வேண்டாம் என்று நானே ஒரு குறிப்பு அனுப்பியிருந்தேன். முனிராஜ் அப்போது புரொபேஷனில் இருந்தான். வேலை நிரந்தரமாக இரண்டு மாதம் பாக்கி. ஆனியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தபோது, அவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரமாகப் பார்த்து வந்தார்களாம். அந்த பஸ்தான் அவனுடைய சொத்து.

ஒர்க்ஸ் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். நல்ல பொறியாளர், கெட்ட மனிதரும் அல்ல. ஆனால் அந்த பிரஸ்ஸை வாங்க வேண்டும் என்று முதலாளியிடம் மன்றாடி வாங்கியவர் அவர். தான் பார்த்து முடித்த மருமகனைப் பற்றி யாராவது குறை சொன்னால் மாமனார் எப்படிக் கேட்பாரோ, அப்படித்தான் அந்த இயந்திரத்தைப் பற்றிய குறையைக் கேட்பார்.

"பட்டன அமுக்காம கை எறங்குமாய்யா?" என்றார், முனிராஜைத் தன் அறைக்குக் கூப்பிட்டு.

"எறங்குது சார். நா தொடவே இல்ல. அதுபாட்டுக்கு எறங்கிச்சு."

"பேய் கீய் புடிச்சிருக்கோ?"

"தெரியலீங்க சார். ஜவளகிரில பேய் புடிச்சா ஓட்டறதுக்கு ஆள் இருக்குது. இதுக்கு யாரக் கூப்புடறதுன்னுதான் தெரியல."

பணிவாகத்தான் சொன்னான். ஒர்க்ஸ் மேனேஜருக்கு அது பணிவாகக் கேட்கவில்லை. அலட்சியத்தால் இயந்திரத்துக்குச் சேதம் என்று சார்ஜ் ஷீட் தயாரிக்கச் சொன்னார். தயாரித்தேன். விசாரணைக்குப் புரட்டாசி முதல் வாரத்தில் தேதி குறித்தேன். குற்றம் நிரூபணமானால் வேலை போகும். புரொபேஷனில் இருப்பவனுக்கு அதற்குமேல் படிகள் கிடையாது.

சார்ஜ் ஷீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முனிராஜ் அதே பிரஸ்ஸுக்குத் திரும்பிப் போனான். மாற்று டை மாட்டியிருந்தார்கள். அந்த இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட வேறு ஆள் எங்களிடம் இல்லை. எனவே அந்த இயந்திரத்தை ஓட்டத் தகுதியற்றவன் என்று நாங்கள் எழுத்தில் குற்றம்சாட்டியவனே, விசாரணை முடியும் வரை அதை ஓட்டினான். உற்பத்தி குறையவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றுதான் இருந்தது. அதை இயக்கியவள் கிருஷ்ணகிரியிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்த விஜயா. மோடம் என்றொரு பெட்டி வழியாக டெலிபோன் லைனில் பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டு, இணைய நிறுவனத்தின் கதவைத் தட்டி, கடிதங்களைக் கொடுத்து வாங்குவாள். தொழிற்சாலையில் எஸ்.டி.டி. வசதி உள்ள லைன் ஒன்றே ஒன்று. அதற்கு மெயின் கேட்டிலும் டெஸ்பாட்ச்சிலும் இணைப்பு உண்டு. யாராவது ரிசீவரை எடுத்தால் மோடம் செத்துவிடும். வண்டிக் கம்பெனிகளுக்கு இராப்பகலாக லாரி போய்க்கொண்டிருந்ததால் யாராவது எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஆண்டில் அந்த டெலிபோன் ஓய்ந்திருக்கும் நாள் ஆயுத பூஜை மட்டும்.

டை உடைந்த மறுநாளே, பிரஸ்ஸைத் தயாரித்த கம்பெனிக்கு விஜயா என் சார்பில் நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். கை தானாக இறங்குவதாக இயக்குபவர் சொல்கிறார், இது சாத்தியமா, தெரிவிக்கவும். நான்கு வரி என்பதால் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. பிரச்சினை அந்த ஒரு நிமிடத்தில்தான் தொடங்கியது. ஒர்க்ஸ் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார்.

"இவ்வளவு சுளுவா போவுதா? அப்ப ஒண்ணு செய்யுவோம். மிசினு ஓடுததையே வீடியோ எடுத்து அனுப்பிருவோம். ஒரு தடவகூட கை தப்பா எறங்காம ஓடுததப் பாத்தாம்னா, மிசினு நல்லாத்தான் இருக்குன்னு அவனே எழுதித் தந்துருவான்."

ஓசூரில் அப்போது வீடியோ கேமரா வைத்திருந்தவர்கள் கல்யாண வீடியோக்காரர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த பாபு வந்தான். முனிராஜின் கல்யாணத்தையும் அவன்தான் எடுத்திருந்தான். "ஏமண்ணா, வதின பாகுந்தா?" என்று அண்ணியின் நலம் விசாரித்துக்கொண்டே விளக்கை மாட்டினான். சார்ஜ் ஷீட் வாங்கியவனிடம் அன்று யாரும் கேட்காத கேள்வி அது. "பாகுந்தி, பாகுந்தி" என்றான் முனிராஜ். வீட்டில் அவன் இன்னும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சார்ஜ் ஷீட்டைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பாமல் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தான். விதியில் இரண்டுக்கும் இடமுண்டு.

ஐரோப்பாவுக்குப் போகிற படம் என்பதால் ஒர்க்ஸ் மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். முதலில் தொழிற்சாலையின் அறிமுகமாக எல்லோரும் இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும் என்றார். நடுவில் அவர். அவருக்கு வலப்பக்கம் முனிராஜ். ஓரத்தில் நான்.

பாபு தொழில் தெரிந்தவன். "எல்லாரும் சும்மா நிக்காதீங்க. கும்புட்டுக்கிட்டு நில்லுங்க. முனிராஜண்ணா, கைய எறக்காதீங்க. சார், கோட்டு சார், நீங்களும். கேமராவப் பாருங்க. அப்பிடியே... ஸ்மைல்!"

கும்பிட்டுக்கொண்டு நின்றோம். மணமேடையில் மொய்க்காரர்கள் வந்து போகும் வரை நிற்கிற மாதிரி நீண்ட நேரம் நின்றோம். பிறகு ஒரு முழு ஷிஃப்டும் பாபு இயந்திரத்தை எடுத்தான். கை ஒரு தடவைகூடத் தவறாக இறங்கவில்லை. ஒர்க்ஸ் மேனேஜர் திருப்தியோடு போனார். முனிராஜ் பஸ் பிடிக்கப் போனான். கெட்டுப்போன இயந்திரம் ரிப்பேர்க்காரனைக் கண்டால் ஒழுங்காக ஓடும் என்பதை அவன் முன்பே பார்த்திருப்பான்.

கேசட்டைச் சுருக்கி, கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டு வர பாபு பெங்களூர் போனான். அங்கே அவனுக்குப் பழக்கமான கடையில் கல்யாண கேசட்டுகளுக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்திருந்தார்கள். தொடக்கத்தில் ஒரு தாமரை சுழன்று விரிந்தது. அதற்குள்ளிருந்து பிள்ளையார் வந்தார். நாதஸ்வரம் ஒலித்தது. நாங்கள் கும்பிட்டுக்கொண்டு நின்ற காட்சி ஒரு இதய வடிவச் சட்டத்துக்குள் இருந்தது. சுற்றிலும் ரோஜாக்கள் விழுந்துகொண்டிருந்தன. பிறகுதான் பிரஸ்.

ஒர்க்ஸ் மேனேஜர் தாமரையைப் பார்த்ததும் வேகமாக ஓட்டச் சொன்னார். பிரஸ் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இதயத்துக்குள் தன்னைப் பார்க்க அவருக்கு மனமில்லை. "இந்த மொதக் கூத்த வெட்டிட்டு அனுப்பு" என்றார்.

"வெட்டறதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாள் விஜயா. "அனுப்பினா பிள்ளையாரோடதான் அனுப்பணும்."

நான் விதியைக் காட்டினேன். இந்த வீடியோ பல ஃப்ளாப்பிகளில்கூட அடங்காது, கூரியரில் அனுப்பலாம் என்றேன். கூரியருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், மின்னஞ்சலுக்கு ஒரு நிமிடம் என்றார் ஒர்க்ஸ் மேனேஜர். இரண்டாவது வாக்கியத்தைப் பயன்படுத்தி எழுத்துமூலம் விலக்கு அளித்தார். என் எதிர்ப்பைக் கோப்பில் பதிவுசெய்தேன். கோப்பில் பதிவான எதிர்ப்பால் எந்த வண்டியும் இதுவரை நின்றதில்லை.

அன்று காலை முதல் மாலை வரை விஜயா அனுப்பினாள். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் கேட்டில் யாராவது ரிசீவரை எடுத்தார்கள். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மறுபடி தாமரையிலிருந்து தொடங்க வேண்டும். விஜயா கேட்டுக்கு நடந்து போய் வாட்ச்மேனிடம் பேசினாள்.

"அண்ணா, கொஞ்ச நேரம் போன எடுக்காதீங்க."

"எடுக்கலம்மா. உள்ள ஒரே கரகரன்னு சத்தம் வருதே, என்னா ஆச்சுன்னு எடுத்து எடுத்துப் பாத்தேன்."

அத்திப்பள்ளி யோசனையைச் சொன்னவர் அக்கவுண்ட்ஸ்காரர். ஓசூரிலிருந்து ஐந்தாறு மைல். எல்லையைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே அவருடைய மச்சான் வீட்டில் தனி டெலிபோன் இருந்தது. இடையில் யாரும் எடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரைக் கழற்றிக் கம்பெனி ஜீப்பில் ஏற்றினோம். திரை விஜயாவின் மடியில், பெட்டி என் மடியில். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பொருள் கொண்டுபோவதால் கேட் பாஸும் மூன்று பிரதியில் சலானும் போட்டிருந்தேன். 'கொண்டுசெல்லும் நோக்கம்' என்ற இடத்தில் 'மின்னஞ்சல் அனுப்ப' என்று எழுதியிருந்தேன்.

செக்போஸ்ட் அலுவலர் சலானைப் படித்தார். திரும்பவும் படித்தார். விஜயாவின் மடியைப் பார்த்தார்.

"ஏன்ரீ, ஒந்து லெட்டர் களிசோக்கெ கம்ப்யூட்டரே தகொண்டு ஹோக்தீரா?"

ஒரு கடிதம் அனுப்பக் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டா போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கே போகிற கடிதம் என்றார். ஐரோப்பா என்றேன். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தபாலாபீஸ் இருந்த திசையைக் காட்டினார். பரிகாசமாக அல்ல, உதவி செய்யும் எண்ணத்தில்தான். பிறகு முத்திரை குத்தி அனுப்பினார். முப்பதாண்டுப் பணியில் என் ஆவணங்கள் ஒரு சோதனைச் சாவடியில்கூடக் குறை சொல்லப்பட்டதில்லை.

மச்சான் வீட்டில் மதியத்துக்கு மேல் வீடியோ முழுதாகப் போயே விட்டது. விஜயா 'போய்ச் சேர்ந்தது' என்று எழுந்து நின்றபோது வீட்டுக்கார அம்மாள் மைசூர்பாகு கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒர்க்ஸ் மேனேஜர் டெலிபோனில் சொன்னதால் இன்னும் இரண்டு தடவை அனுப்பினோம். அன்று மாலை தொழிற்சாலைக்குத் திரும்பியதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் விதியின் முதல் வாக்கியத்துக்கு இரங்கல் இருந்தது.

வீடியோ எங்கும் போய்ச் சேரவில்லை. எங்கள் வாசலைத் தாண்டிப் போனது உண்மை. அந்தக் கம்பெனியின் அஞ்சல்பெட்டி அவ்வளவு பெரியதை ஏற்காமல் திருப்பி அனுப்பியது. நல்ல மனம் படைத்த ஏதோ ஒரு இயந்திரம், 'உங்கள் கடிதம் சேரவில்லை' என்று சொன்னதோடு நிற்காமல் வீடியோவையும் முழுதாக இணைத்துத் திருப்பியிருந்தது. மூன்று தடவையும்.

அதன் பொருள் எங்களுக்கு மறுநாள் காலை விளங்கியது. மின்னஞ்சல்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி. முன்னால் நிற்பவர் வாங்கிக்கொண்டு நகர்ந்தால்தான் அடுத்தவர் வர முடியும். வரிசையின் முதல் ஆளாக எங்கள் கல்யாண வீடியோ நின்றது. விஜயா அதை இறக்கத் தொடங்குவாள். கேட்டில் ரிசீவரை எடுப்பார்கள். மறுபடி தாமரையிலிருந்து. அதற்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு மின்னஞ்சலும் வரவில்லை.

இணைய நிறுவனத்துக்கு டெலிபோன் செய்து அந்தப் பெரியதை அழித்துவிடும்படி கேட்டேன். புகார்களை மின்னஞ்சலில் மட்டுமே ஏற்போம் என்றார்கள். அனுப்பினோம். மின்னஞ்சலிலேயே பதில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களுடைய விதியை எழுதியவரைச் சந்திக்க ஆசைப்பட்டேன்.

மறுபடி அத்திப்பள்ளிக்குப் போகலாமா என்று அக்கவுண்ட்ஸ்காரர் மூலம் கேட்டோம். வீட்டுக்கார அம்மாள் மறுத்துவிட்டார். நாங்கள் லைனைப் பிடித்து வைத்திருந்த அந்த மதியம்தான் அவருடைய தங்கைக்கு ஆனேக்கல்லில் பிரசவ வலி வந்திருக்கிறது. தகவல் சொல்ல முயன்று முயன்று பார்த்துக் கடைசியில் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். "கொழந்த பொறந்ததுகூட எனக்குப் பக்கத்து வூட்டுக்காரங்க சொல்லித்தான் தெரியும். உங்க மெயில நீங்களே வெச்சுக்குங்க" என்றாராம். நியாயம்.

தயாரித்த கம்பெனிக்கு ஃபேக்ஸ் கொடுத்தேன். பதில் வந்தது. ஒரே வரி: "எங்கள் மின்னஞ்சலைப் பார்க்கவும்." அதையே ஃபேக்ஸில் அனுப்பக் கேட்டேன். எழுதியவர் பொருட்காட்சிக்குப் போயிருக்கிறார், திரும்பியதும் சொல்கிறோம் என்று வரவேற்பில் இருப்பவர் எழுதியிருந்தார்.

ஆக, பதில் வந்துவிட்டது. எங்கள் பெட்டிக்குள்தான் இருந்தது. எங்கள் வீடியோவுக்குப் பின்னால் நின்றது. அதில் முனிராஜ் சொன்னது சாத்தியம் என்று இருக்கிறதா, இல்லை என்று இருக்கிறதா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. முனிராஜ் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நிற்பான். விஜயா திரும்பாமலே தலையை அசைப்பாள். அவன் பஸ்ஸுக்குப் போவான்.

"அதுக்குள்ள என்னா எழுதிருக்கும் சார்?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டான்.

"தெரியாது."

"தெரியாதுன்னு நீங்க சொல்லிக் கேட்டதே இல்ல சார்."

விசாரணை நாள் வந்தது. விசாரணை அதிகாரி கிருஷ்ணகிரி வக்கீல் ஒருவர். ஒல்லியான மனிதர். குடையும் டிபன் பாக்ஸும் கொண்டுவருவார். எங்கள் காபியைக் குடிக்க மாட்டார். நிர்வாகத்தின் தரப்பை எடுத்து வைக்க வேண்டியவன் நான். முனிராஜ் தனியாக வந்திருந்தான். சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துவர உரிமையுண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "எல்லாருக்கும் ஷிஃப்ட் இருக்குதுங்க" என்றான்.

ஒர்க்ஸ் மேனேஜர் சாட்சியம் சொன்னார். இயந்திரத்தில் கோளாறு இருந்தால் தயாரித்தவர்கள் இந்நேரம் சொல்லியிருப்பார்கள். அவர்களிடமிருந்து எந்தப் பதிலும் நம் கைக்கு வரவில்லை. ஆகவே கோளாறு இல்லை. சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நாமும் தினமும் அலுவலகத்தில் இப்படித்தான் முடிவெடுக்கிறோம்.

வக்கீல் எழுதிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் பேனாவை மூடினார்.

"பதில் வரலேங்கறத நான் பதில்னு எழுத முடியாதுங்க. வேற எதாவது சான்று நிர்வாகத்துகிட்ட இருக்குதா?"

இதயத்துக்குள் நிற்கும் தன்னை வக்கீலும் பார்க்க வேண்டாம் என்றோ என்னவோ, ஒர்க்ஸ் மேனேஜர் இல்லை என்று தலையசைத்தார். என்னையும் பார்த்தார். அந்தப் பார்வை என் மேலதிகாரியின் பார்வை. அந்த வீடியோவில் கை தவறாக இறங்காத ஒரு ஷிஃப்ட் மட்டுமே இருக்கிறது என்றுதான் நானும் நம்பினேன். அதைக் காட்டினால் முனிராஜுக்குத்தான் பாதகம். காட்டாவிட்டால், நிர்வாகம் திரட்டிய சான்றை மறைத்ததாகும். இரக்கம் ஒரு பக்கம், விதி ஒரு பக்கம். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். என்னிடம் அப்போது இருந்த ஒரே கருவி விதிதான். இரக்கத்தைப் பயன்படுத்திப் பழக்கமில்லை.

"ஒரு வீடியோ கேசட் இருக்கிறது" என்றேன்.

பாபுவின் ஸ்டுடியோவிலிருந்து, பெங்களூர் போய்வந்த கேசட்டையும் டெக்கையும் டி.வி.யையும் கொண்டுவந்து வைத்தார்கள். தாமரை சுழன்றது. வேகமாக ஓட்டச் சொல்லி ஒர்க்ஸ் மேனேஜர் கையை நீட்டினார்.

"இருக்கட்டும்ங்க" என்றார் வக்கீல். "சான்றுன்னா மொதல்ல இருந்து பாக்கணும். நடுவுலேர்ந்து பாக்கறதுக்கு இது என்ன சினிமாவா?"

பிள்ளையார் வந்தார். வக்கீல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாதஸ்வரம் ஒலித்தது. ரோஜாக்கள் விழுந்தன. இதயத்துக்குள் நாங்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். முனிராஜின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே குவிந்திருந்தன. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தோம்.

எங்களுக்குப் பின்னால் கை இறங்கியது. அவசரமே இல்லாமல் ஒரு சாண் இறங்கி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நின்று, மறுபடி மேலே ஏறிக்கொண்டது. பக்கத்து பிரஸ்களின் இரைச்சலில் அன்று எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. பாபு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் பாபுவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாதஸ்வரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"திருப்பிப் போடுங்க" என்றார் வக்கீல். திருப்பிப் போட்டோம். கை மறுபடி இறங்கியது.

"கும்புட்டுக்கிட்டு நிக்கறது இந்தத் தம்பிதானே?"

"ஆமாங்க" என்றேன்.

"அவருகிட்ட பட்டன் எதாவது இருக்குதா?"

"இல்லை. பட்டன் அந்தப் பக்கம், எட்டாத தூரத்தில்."

"நடுவுல கோட்டு போட்டுக்கிட்டு நிக்கறது?"

ஒர்க்ஸ் மேனேஜர் சொன்னார். "நான்தான்."

"அப்ப சம்பவ எடத்துல நீங்களும் இருந்திருக்கீங்க. உங்க சாட்சியத்துல அதச் சேத்துக்கலாமா?"

ஒர்க்ஸ் மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முனிராஜின் பக்கம் திரும்பினார். அவரைப் பற்றி நான் இதுவரை எழுதியதற்கெல்லாம் ஈடாக இதையும் எழுத வேண்டும். "சேத்துக்கிடுங்க" என்றார். "நாந்தான் கவனிக்கல. மிசின இப்பவே நிறுத்தச் சொல்லுதேன். எவன் கையாவது உள்ள இருந்தா என்னத்துக்கு ஆவும்?"

குற்றம் நிரூபணமாகவில்லை என்று அன்றே உத்தரவு எழுதினோம். முனிராஜ் வாங்கி, படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"படிக்கலியா?" என்றேன்.

"வூட்டுல போயி அவகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்றேன் சார். சார்ஜ் ஷீட்டு வந்தத அவகிட்டச் சொல்லல. ரெண்டையும் ஒண்ணாச் சொல்லிக்கறேன்."

பிரஸ் நின்றது. எதைப் பழுதுபார்ப்பது என்று தெரியாததால் நின்றபடியே இருந்தது. பதில் இன்னும் வரிசையில்தான் இருந்தது.

ஆயுத பூஜை அன்று தொழிற்சாலையைக் கழுவி, இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டியிருந்தார்கள். லாரி கிடையாது, டெஸ்பாட்ச் கிடையாது. கேட் வாட்ச்மேன் புது வேட்டியில் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து விஜயா மோடத்தைப் போட்டுவிட்டிருந்தாள். பூஜைத் தட்டோடு வந்த சூப்பர்வைசர் கம்ப்யூட்டர் அறை வாசலில் திகைத்து நின்றார்.

"ஏம்மா, இன்னிக்கி ஆயுதத்தத் தொடலாமா? ஆஃப் பண்ணு, பொட்டு வெக்கணும்."

"நான் தொடலீங்க சார். அதுபாட்டுக்கு ஓடுது. வெளிய மட்டும் பொட்டு வெச்சிட்டுப் போங்க."

அவர் வைத்துவிட்டுப் போனார். உள்ளே தாமரையும் பிள்ளையாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் ரிசீவரை எடுக்கவில்லை. பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்ட சமயத்தில் முதல் வீடியோ முழுதாக வந்து வழிவிட்டது. தன் பிரஸ்ஸுக்குப் பொட்டு வைக்க மனைவியோடு வந்திருந்த முனிராஜ் வாசலில் நின்றான். விஜயா இந்த முறை தலையை அசைக்கவில்லை. திரும்பி அவனை உள்ளே கூப்பிட்டாள்.

பதில் சிறியது. எங்கள் நான்கு வரிக்குத்தான், முதல் வீடியோ அங்கிருந்து திரும்பிய கையோடு எழுதியிருந்தார்கள். 'உங்கள் விவரம் போதுமானது. இது எங்களுக்குத் தெரிந்த கோளாறுதான். காற்று வால்வு சிக்கிக்கொண்டால் கை தானாக இறங்கும். இயக்குபவர் காரணமல்ல. புதிய வால்வைக் கூரியரில் அனுப்பியிருக்கிறோம். தயவுசெய்து வீடியோ எதுவும் அனுப்ப வேண்டாம்.'

ஸ்டோர்ஸுக்கு ஆள் அனுப்பினேன். வால்வு இருந்தது. விசாரணைக்கு முன்பே வந்திருக்கிறது. எதற்காக வந்தது என்று யாருக்கும் தெரியாததால், 'இன்னதென்று அறியாத பொருள்கள்' என்ற அலமாரியில், என் விதிப்படி சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

முனிராஜ் திரையில் இருந்ததைத் தன் மனைவிக்குத் தெலுங்கில் சொன்னான். அவள் ஏதோ கேட்டாள். அவன் சிரித்தான்.

"என்ன கேட்கிறார்கள்?" என்றேன்.

"அந்த வீடியோ இன்னும் இருக்குதான்னு கேக்கறா சார். எங்க கல்யாண வீடியோவுல நா கண்ண மூடிக்கிட்டு இருக்கறனாம். இதுல நல்லா இருக்கறனான்னு பாக்கணுமாம்."

விஜயா போட்டுக் காட்டினாள். அவர்கள் முழுதாகப் பார்த்து முடிக்கும் வரை நான் பதிலை அச்செடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளிநாட்டுக் கடிதங்களின்மேல் பெறப்பட்ட தேதியை எழுதிக் கையெழுத்திடுவது எங்கள் நடைமுறை. அன்று விடுமுறை, விடுமுறை நாளில் எந்தக் கடிதமும் பெறப்பட்டதாகக் கணக்கில் வராது, மறுநாள் தேதிதான் போட வேண்டும் என்பதும் நடைமுறை. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து எழுதினேன்: பெறப்பட்டது, ஆயுத பூஜை அன்று.